ஆட்டிசம் உள்ளவர்கள் உலகத்தைப் பார்ப்பது எப்படி? கண்ணுக்குப் பின்னால், மூளையில் நடப்பது என்ன? எளிய விளக்கம்

"பேசும்போது என் முகத்தைப் பாரு!"

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் வீட்டிலும் பள்ளியிலும் அடிக்கடி கேட்கும் அதட்டல் இது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் மேலே சுற்றும் ஃபேனையோ, பொம்மைக் காரின் ஒற்றைச் சக்கரத்தையோ அரை மணி நேரம் விடாமல் பார்க்கிறது. இதைப் பார்க்கும் பெரியவர்கள் "திமிரு", "கவனமே இல்லை", "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

அறிவியல் சொல்லும் காரணம் வேறு. அந்தக் குழந்தையின் கண்ணில் விழும் காட்சியும், பக்கத்தில் நிற்பவர் கண்ணில் விழும் காட்சியும் ஒன்றுதான். அதை மூளை வாங்கி, பிரித்து, அடுக்கி, பொருள் கொள்ளும் விதம்தான் மாறுகிறது. கடந்த 40 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இந்த மாற்றத்தைப் பற்றி நிறைய சொல்லியிருக்கின்றன. அதைப் புரிந்துகொண்டால், ஒரு குழந்தையைத் திட்டுவதற்கும் அதற்கு உதவுவதற்கும் இடையிலான வித்தியாசம் புரிந்துவிடும்.

ஆட்டிசம் என்றால் என்ன?

ஆட்டிசம் ஒரு நோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடு. தமிழில் 'மதி இறுக்கம்' என்றும் எழுதுகிறார்கள். மற்றவர்களோடு பழகுவது, பேசுவது, உணர்வுகளைப் பகிர்வது ஆகியவற்றில் வேறுபாடும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் இதன் முக்கிய அடையாளங்கள். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021-ல் உலகில் சுமார் 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உள்ளவர்.

ஒருவர் போல இன்னொருவர் இருக்க மாட்டார். சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவார்கள். அதனால்தான் இதை 'ஸ்பெக்ட்ரம்' என்கிறார்கள்.

வெளிச்சம், சத்தம், தொடுதல் போன்றவற்றை ஆட்டிசம் உள்ளவர்கள் மிக அதிகமாகவோ, மிகக் குறைவாகவோ உணர்வது பெற்றோர்களுக்கு எப்போதுமே தெரிந்த விஷயம்தான். ஆனால் மருத்துவ உலகம் அதை முறையாக ஏற்றுக்கொள்ள நாளானது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் டி.எஸ்.எம். என்ற வழிகாட்டி நூலின் ஐந்தாவது பதிப்பு 2013-ல் வந்தது. அதில்தான் இந்தப் புலன் வேறுபாடு ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களின் பட்டியலில் சேர்ந்தது.

பார்ப்பது கண்ணா, மூளையா?

கண் ஒரு கேமரா மாதிரி என்று சொல்வோம். பாதி உண்மைதான். வெளிச்சம் கண்ணுக்குள் போய் விழித்திரையில் விழுகிறது. அங்கே அது மின் சமிக்ஞையாக மாறி, சுமார் 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற சந்திப்பைக் கடந்து, பின்மண்டையில் இருக்கும் பார்வைப் பகுதியைச் சென்று சேர்கிறது.

அங்கே முதலில் தெரிவது முகமோ மரமோ அல்ல. கோடுகள், ஓரங்கள், சாய்வுகள், நிறங்கள், அசைவுகள் இவைதான். அங்கிருந்து தகவல் இரண்டு பாதையில் பிரிகிறது. ஒரு பாதை 'இது என்ன?' என்று பார்க்கும். இன்னொரு பாதை 'இது எங்கே இருக்கு, எப்படி நகருது?' என்று பார்க்கும்.

இதற்கிடையில் மூளை இன்னொரு வேலையும் செய்கிறது. இதற்கு முன்னால் பார்த்த அனுபவத்தை வைத்து, 'இப்போது வரப்போவது இதுவாகத்தான் இருக்கும்' என்று ஊகிக்கிறது. தெரு முனையில் பாதி மறைந்து நிற்கும் பஸ்ஸைப் பார்த்ததும் 'பஸ்' என்று நமக்குத் தெரிகிறதே, அது இந்த ஊகத்தால்தான். மீதிப் பாதியைக் கண் பார்க்கவே இல்லை, மூளை நிரப்பிக்கொண்டது.

ஆக, நாம் 'பார்ப்பது' என்று சொல்வது இரண்டு விஷயங்களின் கலவை. வெளியிலிருந்து வரும் தகவல் ஒன்று. உள்ளிருந்து வரும் ஊகம் இன்னொன்று. ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் இந்தக் கலவையின் விகிதம் மாறுகிறது என்பதுதான் பல ஆய்வாளர்களின் கருத்து.

முழுசும் தெரியுதா, துண்டு தெரியுதா?

மரத்தில் செய்த யானை பொம்மையைக் குழந்தையிடம் நீட்டினால், குழந்தை யானையைப் பார்க்கும். அதையே தச்சரிடம் நீட்டினால், அவர் மரத்தைப் பார்ப்பார். பொருள் ஒன்றுதான். கண் எதைப் பிடிக்கிறது என்பதுதான் வேறு.

இந்த விஷயத்தை ஆட்டிசத்தில் சோதித்துப் பார்த்தவர்கள், லண்டனில் பணிபுரிந்த உளவியல் ஆய்வாளர்கள் அமிதா ஷா, ஊட்டா ஃபிரித். 1983-ல் வெளியான ஆய்வில் அவர்கள் குழந்தைகளிடம் சில படங்களைக் கொடுத்தார்கள். பெரிய படத்துக்குள் ஒரு சின்ன முக்கோணம் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முழுப் படத்தைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கஷ்டம். முழுப் படம் கண்ணை இழுத்துக்கொள்ளும். முக்கோணம் அதில் கரைந்துவிடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோ மற்றவர்களைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள்.

1993-ல் அதே இருவரும் இன்னொரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நிறக் கட்டைகளை அடுக்கி, காட்டப்படும் கோலத்தை அப்படியே உருவாக்க வேண்டும். இதிலும் ஆட்டிசம் உள்ளவர்கள் வேகமாக முடித்தார்கள். சுவாரஸ்யம் அடுத்த கட்டத்தில் இருந்தது. காட்டும் கோலத்தை முன்கூட்டியே துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டியபோது, ஆட்டிசம் இல்லாதவர்களின் வேகம் ஏறியது. இரு தரப்புக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கியது. அதாவது, மற்றவர்கள் சிரமப்பட்டு மனதுக்குள் பிரிக்க வேண்டியதை, ஆட்டிசம் உள்ளவர்கள் ஏற்கெனவே பிரித்தே பார்க்கிறார்கள்.

துண்டுகளைச் சேர்த்து முழுமையாக்கும் இழுவிசை இவர்களுக்குக் குறைவு என்று ஊட்டா ஃபிரித் 1989-ல் ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்.

நீங்களே ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கீழே என்ன தெரிகிறது?

ப
ப
ப
ப ப ப ப

'ட' என்று சொல்லத் தோன்றுகிறதா, 'ப' என்று சொல்லத் தோன்றுகிறதா? இரண்டுமே சரிதான். இப்படிப் பெரிய எழுத்தைச் சிறிய எழுத்துகளால் எழுதிக் காட்டும் சோதனையில், பெரும்பாலானவர்களுக்குப் பெரிய எழுத்துதான் முதலில் கண்ணில் படும்.

அப்படியானால் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 'ட' தெரியவே தெரியாதா? தெரியும். பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இது தொடர்பான 50-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். முழுமையைப் பார்க்கும் திறன் அவர்களுக்கு இல்லாமல் போகவில்லை. அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது. குறிப்பாக, சின்ன விவரங்கள் குறுக்கே நிற்கும்போது நேரம் கூடுகிறது. இதுதான் அவர்கள் கண்டது.

இந்தக் கூடுதல் நேரம் ஒரு பெரிய விஷயம். டீச்சர் கரும்பலகையில் ஒரு படத்தைக் காட்டி, மூன்று நொடியில் அழித்துவிட்டு, "என்ன பார்த்த?" என்று கேட்டால், அந்தக் குழந்தை இன்னும் மூலையில் இருந்த சின்னக் கோட்டில்தான் இருக்கும். தெரியாமல் இல்லை. இன்னும் முடியவில்லை. அவ்வளவுதான்.

பின்மண்டையில் கூடுதல் வேலை

துண்டுகளைப் பார்ப்பதை ஒரு குறையாகவே ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டவர் கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த மனநல மருத்துவர் லோரான் மோட்ரோன். அவருடைய குழுவில் முக்கியமான ஆய்வாளர் மிஷெல் டாசன். அவரே ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ளவர்களின் புலனறிவு கூடுதல் திறனோடு இயங்குகிறது என்பது இந்தக் குழுவின் வாதம்.

2011-ல் இந்தக் குழு, 26 மூளை ஸ்கேன் ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக்கிப் பார்த்தது. ஆட்டிசம் உள்ள 357 பேர், இல்லாத 370 பேர். முகம், பொருள், எழுத்து எதைப் பார்த்தாலும், ஆட்டிசம் உள்ளவர்களின் பின்மண்டைப் பகுதியும் அதை ஒட்டிய பொட்டுப் பகுதியும் கூடுதலாகச் செயல்பட்டன. திட்டமிடுதல், முடிவெடுத்தல் ஆகிய வேலைகளைச் செய்யும் நெற்றிப் பகுதியின் செயல்பாடு ஒப்பீட்டளவில் குறைவாக இருந்தது. மற்றவர்கள் யோசித்துச் செய்யும் சில வேலைகளை இவர்கள் பார்த்தே முடிக்கிறார்கள் என்று இதை எளிமையாகப் புரிந்துகொள்ளலாம்.

இதில் நடைமுறை வாழ்க்கையைத் தொடும் ஒரு விஷயம் இருக்கிறது. அறிவுத்திறனை அளக்கும் ஐ.க்யூ. தேர்வு. வெக்ஸ்லர் என்ற பரவலான தேர்வில் கேள்விகளை வாயால் கேட்பார்கள், பதிலை வாயால் சொல்ல வேண்டிய பகுதிகள் நிறைய உண்டு. ரேவன் என்ற இன்னொரு தேர்வில் எல்லாமே படங்கள். விடுபட்ட கட்டத்துக்கு எந்த வடிவம் பொருந்தும் என்று சொன்னால் போதும்.

டாசனும் மோட்ரோனும் இணைந்து செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. ஆட்டிசம் உள்ள அதே குழந்தைகள் இரண்டு தேர்வையும் எழுதினார்கள். வெக்ஸ்லரில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு 'திறன் மிகக் குறைவு' என்ற முத்திரை விழும் நிலை. ரேவனில் அந்த நிலைக்குப் போனவர்கள் 5 சதவீதம் பேர் மட்டுமே. குழந்தை மாறவில்லை. கேள்வித்தாள்தான் மாறியது.

எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்பதையெல்லாம் ஒரு தேர்வின் எண்ணை வைத்து முடிவு செய்யும்போது, அந்தத் தேர்வு குழந்தையின் பலத்தைப் பார்க்கும் தேர்வா என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி.

'பிரேக்' சரியாகப் பிடிக்கிறதா?

மூளையில் நரம்பு செல்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் சில சமிக்ஞைகளை அடக்கி வைக்க ஒரு பிரேக் தேவை. மூளையில் அந்த வேலையைச் செய்யும் முக்கிய ரசாயனத்தின் பெயர் 'காபா'.

இதைப் பார்வை வழியாகவே சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு கண்ணுக்கு ஒரு படம், மறு கண்ணுக்கு வேறு படம் காட்ட வேண்டும். மூளை இரண்டையும் ஒன்றாக ஏற்காது. கொஞ்ச நேரம் முதல் படம், கொஞ்ச நேரம் அடுத்த படம் என்று மாறி மாறித் தெரியும். ஒன்று தெரியும்போது மற்றதை மூளை அடக்கி வைக்கிறது.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இந்த மாற்றம் மெதுவாக நடப்பதும், இரண்டு படமும் கலந்து தெரியும் நேரம் அதிகமாக இருப்பதும் ஆய்வுகளில் தெரிந்தது. ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கரோலின் ராபர்ட்சன், நான்சி கான்விஷர் உள்ளிட்டோர் 2016-ல் இன்னொரு படி மேலே போனார்கள். பார்வைப் பகுதியில் இருக்கும் காபாவின் அளவை ஸ்கேன் மூலம் அளந்தார்கள். மற்றவர்களிடம், காபா எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்றாக அந்த அடக்கும் வேலை நடந்தது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் காபாவின் அளவு குறையவில்லை. ஆனால் அந்தத் தொடர்பு காணவில்லை. பிரேக் ஆயில் இருக்கிறது; மிதித்தால் பிடிப்பது வேறு மாதிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் விளைவு இரண்டு பக்கமும் தெரியும். அமெரிக்காவில் 2013-ல் வெளியான ஒரு ஆய்வில், திரையில் நகரும் கோடுகள் எந்தப் பக்கம் போகின்றன என்று குழந்தைகளிடம் கேட்டார்கள். கோடுகள் பளிச்சென்று தெரியும்போது, ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அதை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகமாகக் கண்டுபிடித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பளிச்சென்று இருப்பதெல்லாம் இந்த வேகத்தில் மூளைக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? கல்யாண மண்டபத்தின் சீரியல் லைட்டும், ஓடும் கூட்டமும், மின்னும் பட்டுச் சேலைகளும் ஒன்றாக மோதும். அந்தக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டோ, கண்ணை மூடிக்கொண்டோ அழ ஆரம்பித்தால், அதற்குப் பெயர் 'அடம்' அல்ல.

ஒவ்வொரு தடவையும் புதுசு

நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் ஃபேன் ஓடுகிறது. இந்த வரியைப் படிக்கும் வரை அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். 'இது பழைய சங்கதி' என்று மூளை ஒதுக்கி வைத்துவிட்டது.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இந்த ஒதுக்கல் எளிதாக நடப்பதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஏன்? ஆய்வாளர்கள் லிஸ் பெலிகானோ, டேவிட் பர் இருவரும் 2012-ல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். முன்னனுபவத்திலிருந்து வரும் ஊகம் இவர்களுக்கு மற்றவர்களைவிட வலுக் குறைந்து இருக்கிறது. அதனால் வெளியிலிருந்து வரும் தகவல் வடிகட்டாமல், அப்படியே வருகிறது. அவர்கள் பார்க்கும் உலகம் ஒரு வகையில் நிஜத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் அந்த நிஜம் ஓய்வே தராது.

எம்.ஐ.டி.யில் பணியாற்றும் இந்திய வம்சாவளி விஞ்ஞானி பவன் சின்ஹாவும் அவரது குழுவினரும் 2014-ல் இதற்கு நெருக்கமான ஒரு கருத்தை வெளியிட்டார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று கணிப்பதில் ஏற்படும் சிரமம்தான் ஆட்டிசத்தின் பல அடையாளங்களுக்கு அடிப்படையாக இருக்கலாம் என்பது அவர்களின் வாதம். இவையெல்லாம் கோட்பாடுகள்தான். ஆய்வாளர்களுக்குள் விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் இந்தக் கோணத்தில் பார்த்தால் சில விஷயங்கள் விளங்குகின்றன. ஃபேன் ஏன் பிடிக்கிறது? அது அடுத்த நொடியும் இதே மாதிரிதான் சுற்றும். பொம்மைகளை ஏன் வரிசையாக அடுக்க வேண்டும்? வரிசை மாறாது. சோபாவை இடம் மாற்றி வைத்தால் ஏன் இவ்வளவு அழுகை? தெரிந்த வீடு, தெரியாத வீடாகிவிட்டது. கணிக்க முடியாத உலகத்தில் கணிக்கக்கூடிய ஒரு மூலையைக் குழந்தை தேடிக்கொள்கிறது.

கண்ணைப் பார்ப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

மனித முகம் கணிக்கக் கடினமான பொருள். நொடிக்கு நொடி மாறும். புருவம், இமை, உதடு எல்லாம் ஒரே நேரத்தில் அசையும். எல்லாவற்றையும் சேர்த்தால்தான் பொருள் கிடைக்கும்.

யேல் பல்கலைக்கழகத்தில் அமி கிளின், வாரன் ஜோன்ஸ் உள்ளிட்டோர் ஒரு பழைய ஹாலிவுட் படத்தின் காட்சிகளைப் போட்டுக் காட்டி, பார்ப்பவர்களின் கருவிழி எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. மற்றவர்கள் நடிகர்களின் கண்களையே அதிகம் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் வாய், உடல், பின்னால் இருந்த பொருட்கள் ஆகியவற்றை அதிகம் பார்த்தார்கள்.

இது அக்கறையின்மையா? மூளை ஸ்கேன் வேறு கதை சொன்னது. பயம், எச்சரிக்கை போன்ற உணர்வுகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி மூளையின் ஆழத்தில் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் கண்களை எவ்வளவு அதிக நேரம் பார்த்தார்களோ, அவ்வளவு அதிகமாக அமிக்டலா செயல்பட்டது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு 2005-ல் காட்டியது. 2017-ல் ஹார்வர்டைச் சேர்ந்த நூஷின் ஹாஜிகானி தலைமையிலான குழு, முகப் படங்களில் கண் பகுதியை மட்டும் பார்க்கும்படி செய்து ஸ்கேன் எடுத்தது. மூளையின் அடி ஆழப் பகுதிகள் வழக்கத்துக்கு மாறாகக் கொதித்தெழுந்தன.

அதாவது, கண்ணைத் தவிர்ப்பது, அதிகமாக உணர்வதால் எடுக்கும் தற்காப்பாக இருக்கலாம். வெயிலில் கண் கூசும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வது போல. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்வதும் இதுதான்: கண்ணைப் பார்த்தால் பேச்சைக் கேட்க முடியாது; பேச்சைக் கேட்க வேண்டுமானால் கண்ணைப் பார்க்க முடியாது.

இதில் இன்னொரு முக்கியமான தகவலும் உண்டு. கைக்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து ஜோன்ஸும் கிளினும் 2013-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பின்னாளில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட குழந்தைகளும், 2 மாத வயதில் கண்களைப் பார்த்தார்கள். 2 மாதத்திலிருந்து 6 மாதத்துக்குள் அது படிப்படியாகக் குறையத் தொடங்கியது. வெறும் கண்ணால் பெற்றோருக்கு இது தெரியாது. கருவியில் மட்டுமே தெரியும். 'நாமதான் கவனிக்காம விட்டுட்டோமோ' என்று தவிக்கும் பெற்றோருக்கு இது ஒரு பதில்.

இந்த ஆய்வின் தொடர்ச்சியாக, குழந்தை வீடியோ பார்க்கும்போது கண் அசைவைப் பதிவு செய்யும் ஒரு கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022-ல் அனுமதி கொடுத்தது. 475 குழந்தைகளிடம் நடத்திய பரிசோதனை முடிவு 2023-ல் வந்தது. ஆட்டிசம் உள்ள 100 பேரில் சுமார் 71 பேரை அது சரியாகக் கண்டுபிடித்தது. அப்படியானால் மீதி 29 பேரைத் தவற விட்டது. எனவே இது மருத்துவருக்கு உதவும் கருவி. மருத்துவருக்கு மாற்று அல்ல.

நம்பக் கூடாத சில கட்டுக்கதைகள்

'ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கழுகுப் பார்வை': 2009-ல் ஒரு ஆய்வு இப்படிச் சொன்னது உண்மை. ஆனால் அளந்த முறையில் கோளாறு இருப்பதாக மற்ற விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டினார்கள். பிறகு சரியான முறையில் அளந்தபோது, கண்ணின் கூர்மையில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. மாற்றம் மூளையில்தான்.

'எல்லோரிடமும் ஒரு அபூர்வத் திறமை ஒளிந்திருக்கும்': பிரிட்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷையர் 2005-ல் டோக்கியோவை ஹெலிகாப்டரில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, 10 மீட்டர் நீளத் திரையில் நகரத்தை நினைவிலிருந்தே வரைந்தார். ஆச்சரியம்தான். ஆனால் இப்படிப்பட்டவர்கள் சிலரே. எல்லாக் குழந்தையிடமும் இதை எதிர்பார்ப்பது இன்னொரு வகைச் சுமை.

'எல்லோரும் படம் படமாகத்தான் யோசிப்பார்கள்': இதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின். ஆட்டிசம் உள்ள அவர், தான் படங்களாகவே யோசிப்பதாக 1995-ல் புத்தகம் எழுதினார். பின்னாளில் அவரே, வார்த்தைகளாலும் கணித வடிவங்களாலும் யோசிப்பவர்களும் உண்டு என்று திருத்திக்கொண்டார்.

'மொபைல் பார்த்ததால்தான் ஆட்டிசம் வந்தது': இதற்கு நிரூபணம் இல்லை. கைக்குழந்தைக்கு மொபைல் நல்லதல்ல என்பது வேறு விஷயம். ஆட்டிசத்துக்கு அம்மாவைக் குற்றவாளி ஆக்குவது தவறு.

வீட்டிலும் பள்ளியிலும் என்ன செய்யலாம்?

* முகத்தைப் பிடித்துத் திருப்பி 'என்னைப் பாரு' என்று கட்டாயப்படுத்த வேண்டாம். எதிரில் நிற்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பார்க்காமலே கேட்க முடியும்.

* பதிலுக்குக் காத்திருங்கள். கேட்டதையே உடனே திரும்பக் கேட்க வேண்டாம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

* மினுக்கும் டியூப் லைட்டை மாற்றுங்கள். வகுப்பில் ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்காத இடத்தில் உட்கார வையுங்கள்.

* சுவர் முழுக்கப் படம் ஒட்டிய வகுப்பறை பார்க்க அழகு. இந்தக் குழந்தைக்கு அதுவே தொந்தரவாகலாம். கரும்பலகை இருக்கும் சுவரையாவது காலியாக விடலாம். ஒரு பக்கத்தில் ஒரு படம் போதும்.

* நாளின் வேலைகளைப் படங்களாக வரிசையில் ஒட்டி வையுங்கள். பல் துலக்குவது, குளியல், இட்லி, ஸ்கூல் வேன். அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1970-களில் வளர்ந்த 'டீச்' என்ற பயிற்சி முறை, பார்வைப் பலத்தைப் பயன்படுத்தும் இந்த வழியை உலகம் முழுக்கக் கொண்டு போனது.

* திருவிழா, கல்யாணம், மால் போகும் முன் அந்த இடத்தின் போட்டோவைக் காட்டுங்கள். தொப்பி, கூலிங் கிளாஸ் உதவும் என்றால் போட்டுவிடுங்கள். ஒதுங்கி உட்கார ஒரு அமைதியான மூலையை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

* கண் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, மாறுகண் போன்றவை ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் அதிகம் காணப்படுகின்றன. குழந்தைக்குச் சொல்லத் தெரியாததால் 'ஆட்டிசம்தானே காரணம்' என்று விட்டுவிடும் ஆபத்து உண்டு.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ஒரு வயது ஆகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளை விட்டுவிட்டது போன்ற மாற்றங்கள் தெரிந்தால், 'பையன் லேட்டாத்தான் பேசுவான்' என்று காத்திருக்க வேண்டாம். முதலில் காது பரிசோதனை. கூடவே குழந்தை நல மருத்துவரின் ஆலோசனை. இவற்றில் ஏதோ ஒன்று இருப்பதாலேயே ஆட்டிசம் என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான பரிசோதனை செய்கிறார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அங்கீகரித்த 21 வகைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. எனவே சான்றிதழும் சலுகைகளும் கேட்டுப் பெறலாம். அது உரிமை.

ஆட்டிசத்தைக் 'குணப்படுத்தும்' கண்ணாடியோ, கண் பயிற்சியோ, மருந்தோ கிடையாது. அப்படி யாராவது சொன்னால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, பொறுமை, ஏற்ற சூழல் ஆகியவைதான் வாழ்க்கையை எளிதாக்கும்.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, வகுப்பிலோ முகத்தைப் பார்க்காமல் ஒரு குழந்தை இருந்தால், அது எங்கே பார்க்கிறதோ அங்கே நீங்களும் ஒரு நிமிடம் பாருங்கள். அது என்ன கவனிக்கிறது என்று தெரிந்துவிட்டால், அங்கிருந்தே பேச்சை ஆரம்பிக்கலாம்.